900 பேருக்குத் தினம் இரண்டு மெசேஜ்: பட்டர்வொர்த் தங்கைக்கு ஒரு பதில்

பட்டர்வொர்த்தில் வீட்டிலிருந்தபடியே சேலை, ரவிக்கை விற்கும் ஒரு தங்கை கேட்டிருந்தார்: "அக்கா, 2021-ல் வாட்ஸ்அப்பில் வியாபாரம் தொடங்கினேன். அப்போது 100 பேர்தான். ஒரு படம் போட்டால் பத்துப் பேராவது விலை கேட்பார்கள். இப்போது 900 எண்கள் இருக்கின்றன. காலையும் மாலையும் படம் அனுப்புகிறேன். வாரத்துக்கு மூன்று ஆர்டர் வந்தாலே பெரிது. இன்னும் அதிகமாக அனுப்ப வேண்டுமா? ஒருவர் 5,000 எண்களை 200 வெள்ளிக்குத் தருகிறேன் என்கிறார், வாங்கலாமா? எப்படி வீடியோ போட்டால் ஜனங்கள் நின்று பார்ப்பார்கள்?"

முதலில் அந்த 5,000 எண்களின் பேச்சை முடித்துவிடுகிறேன். வாங்க வேண்டாம், தங்கச்சி. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் மலேசியாவில் 2010-ல் இயற்றப்பட்டது, 2013 நவம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. முறைகேடாகத் திரட்டிய தனிநபர் விவரங்களை விற்பது அந்தச் சட்டப்படி குற்றம். 500,000 ரிங்கிட் (வெள்ளி) வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். விற்கிறவருக்குத்தானே தண்டனை என்று விட்டுவிடாதீர்கள். அந்த 5,000 பேரில் ஒருவர்கூட உங்கள் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. தெரியாத எண்ணிலிருந்து எது வந்தாலும் மோசடிக்காரனோ என்றுதான் இன்று நம் ஊரில் யாருக்கும் முதலில் தோன்றும். ரிப்போர்ட் பொத்தானை அழுத்துவார்கள். நிறையப் பேர் அழுத்தினால் வாட்ஸ்அப் உங்கள் எண்ணையே முடக்கிவிடும். இத்தனை நாள் பாடுபட்டுச் சேர்த்த வாடிக்கையாளர்களும் அதோடு போவார்கள்.

சரி, இனி உங்கள் பெரிய கேள்வி. பதில்கள் ஏன் குறைந்தன? போன வருடம் நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

என் பெரியம்மா ஆயர் ஈத்தாமில் இருக்கிறார். 71 வயது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பசியாறிவிட்டு இருவரும் பேசிக்கொண்டிருந்தோம். மையத்திலிருந்து தாதி கூப்பிட்டு, "நாளைக்கு நேரம் மாறியிருக்கு, நேத்தே மெசேஜ் போட்டேனே, பார்க்கலியா?" என்றார். பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடத் தொடங்கினார். ரோஜாப்பூவோடு ஒரு காலை வணக்கம். நகைக்கடைப் படம் நான்கு. முறுக்கு, அதிரசம் விற்பவர். ஒரு சேலைக் கடையிலிருந்து ஒன்பது படங்கள். கோயில் குழு. நிலம் விற்பவர். மறுபடியும் அதே சேலைக் கடை. ஒவ்வொன்றையும் அவர் திறந்து பார்த்தார். திறக்காமல் விட்டால் அனுப்பியவர் மனம் கோணுமோ என்று அவருக்கு ஒரு தயக்கம். விரல் லேசாக நடுங்கும். ஒரு படம் திரையை அடைத்துக்கொண்டால் அதிலிருந்து வெளியே வர இரண்டு மூன்று முறை தட்ட வேண்டியிருந்தது. நான் உதவி செய்யக் கையை நீட்டினேன். "இரு, நானே பார்க்கிறேன்" என்றார்.

மையத்தின் மெசேஜைக் கண்டுபிடிக்க ஆறு நிமிடம் ஆனது. அது அத்தனைக்கும் கீழே கிடந்தது. அதைப் படித்து முடிப்பதற்குள் ஃபோனில் இடம் நிறைந்துவிட்டது என்று ஒரு அறிவிப்பு. திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் சேலைப் படங்கள், எல்லாம் தானாக இறங்கியவை. அந்தக் கடையில் பெரியம்மா ஒரே ஒரு முறை வாங்கியிருக்கிறார், பேத்தியின் சடங்குக்கு. "பாவம், அந்தப் பிள்ளை பிழைப்புக்காக அனுப்புது" என்று எனக்குச் சமாதானம் சொன்னார். மாலையில் அந்தப் பேத்தி வந்தாள். கதையைக் கேட்டாள். ஃபோனை வாங்கினாள், அந்தக் கடையை பிளாக் செய்துவிட்டுக் கொடுத்தாள். அதற்கு இரண்டு நொடிகூட ஆகவில்லை.

அந்தக் கடைக்காரப் பெண்ணுக்கு இது இன்றுவரை தெரிந்திருக்காது. பிளாக் செய்தவருக்கு அனுப்பினால் ஒற்றை டிக்கோடு நின்றுவிடும், அவ்வளவுதான். நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒன்றாக அனுப்புகிறவர் ஒற்றை டிக்குகளை உட்கார்ந்து எண்ண முடியுமா? பெரியம்மாவுக்கு அந்தக் கடை மேல் கோபமே கிடையாது. தீபாவளிக்கு அங்கேயே வாங்கியிருப்பார். ஆனால் இனி அந்தக் கடை அவர் கண்ணில் படாது. உங்கள் 900 பேரில் இப்படி எத்தனை பேர் சத்தமில்லாமல் போயிருப்பார்கள் என்பதை நீங்கள் முதலில் யோசிக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் படத்தைத் திறந்து, பார்த்து, வேண்டாம் என்று மூட எட்டு நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 900 பேர், தினம் இரண்டு முறை. 14,400 நொடி. நான்கு மணி நேரம். மாதத்துக்கு 120 மணி நேரம். அவ்வளவு நேரத்துக்கு ஓர் ஆளை வேலைக்கு வைத்திருந்தால் சம்பளம் கொடுத்திருப்பீர்கள். இங்கே அந்தச் செலவை 900 பேர் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுமக்கிறார்கள், அதனால் உங்கள் கணக்குப் புத்தகத்தில் அது வருவதில்லை. வாரத்துக்கு மூன்று சேலை விற்க மற்றவர்களின் 28 மணி நேரம் போகிறது என்று எழுதிப் பாருங்கள். நான்கு வேளை அனுப்பினால் 56 மணி நேரம். அந்த எண்ணைப் பார்த்தபின் உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்லத் தேவையில்லை.

இந்தக் கணக்கிலும் ஒரு திருத்தம் உண்டு. ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப்பின் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைத்தான் சேர்க்க முடியும் என்பது உங்களுக்குத் தெரியும், நான்கு பட்டியல் வைத்திருப்பீர்கள். ஆனால் உங்கள் எண்ணைத் தன் ஃபோனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். சேமிக்காதவருக்குப் போகவே போகாது. பல பேர் இதை ஒரு தொல்லையாக நினைத்து, இதைத் தாண்டிப் போக வழி தேடுகிறார்கள். எனக்கு இது ரொம்ப நியாயமான ஏற்பாடாகத் தெரிகிறது. 'உன் பெயரை இவர் தன் ஃபோனில் எழுதி வைத்திருக்கிறாரா?' என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுகிறது. ஆகவே உங்கள் 900 உண்மையில் 900 இல்லை. 300 இருக்கலாம், 400 இருக்கலாம். இதற்காக எல்லோரையும் ஒரு குழுவில் போட்டுவிடலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். குழுவில் போட்டால் ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியும். உங்களை நம்பி எண் கொடுத்த பெண்ணின் எண்ணை முன்பின் தெரியாத நூறு பேருக்குக் காட்டிக் கொடுத்ததாக ஆகிவிடும்.

என் கையால் நடந்த ஒரு தவற்றையும் இங்கே சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் உங்களுக்கு அறிவுரை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2016-ல் ஜார்ஜ்டவுனில் ஒரு நகைக்கடைக்கு விளம்பர வேலை பார்த்தேன். தீபாவளிக்கு ஓர் அதிர்ஷ்டக் குலுக்கல் வைத்தோம். சீட்டில் பெயர், ஃபோன் எண், பிறந்த தேதி. கிட்டத்தட்ட 4,000 சீட்டுகள் சேர்ந்தன. அவற்றைப் பட்டியலாக்கி, ஒவ்வொருவர் பிறந்தநாளன்றும் காலை எட்டு மணிக்குத் தானாக ஒரு குறுஞ்செய்தி போகும்படி ஏற்பாடு செய்தேன். 'இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்! உங்களுக்காக இன்று மட்டும் செய்கூலியில் 20 விழுக்காடு கழிவு.' அன்பான காரியம் செய்வதாகத்தான் நினைத்தேன்.

அடுத்த ஆண்டு ஓர் இரவு ஒருவர் கூப்பிட்டார். கடை மூடியபின் வரும் அழைப்புகள் எனக்கு வரும்படி வைத்திருந்தோம். அவருடைய மனைவி இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. மனைவியின் குரலும் படங்களும் அதில் இருக்கின்றன என்பதால் அந்த ஃபோனை அவர் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தார். அன்று அந்த அம்மாவின் பிறந்தநாள். காலையில் அந்த ஃபோனுக்கு வந்த முதல் மெசேஜ் எங்களுடையது. அவர் என்னைத் திட்டவில்லை. "இந்த நம்பரை எடுத்துடுங்கம்மா. அடுத்த வருஷம் வேணாம்" என்றார். மறுநாள் காலையில் முதல் வேலையாக எடுத்தேன்.

ஆனால் மூன்று மாதம் கழித்துத் தீபாவளிக்கு அதே எண்ணுக்கு மறுபடியும் மெசேஜ் போயிற்று. ஏனென்றால் அந்தப் பட்டியல் மூன்று இடங்களில் இருந்தது. என் கணினியில் ஒன்று, கடைக் காசாளரிடம் ஒன்று, மெசேஜ் அனுப்பித் தரும் நிறுவனத்திடம் ஒன்று. நான் அழித்தது என்னிடம் இருந்ததை மட்டும்.

அன்றிலிருந்து இரண்டு பழக்கம் வைத்திருக்கிறேன். பட்டியல் ஒரே இடத்தில்தான் இருக்கும், யாருக்கும் நகல் கிடையாது. அப்புறம், 'அனுப்பக் கூடாதவர்கள்' என்று தனியாக ஒரு பட்டியல். வேண்டாம் என்றவரின் எண்ணை வெறுமனே அழித்தால் போதாது. ஆறு மாதம் கழித்து ஒரு பழைய ரசீதிலிருந்தோ வேறு ஏதாவது சீட்டிலிருந்தோ அதே எண் திரும்ப உள்ளே வந்துவிடும். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு முறையும் இந்த இரண்டாவது பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நான் முதலில் சொன்ன அதே சட்டத்தின் 43-வது பிரிவு, நேரடி விளம்பரத்துக்குத் தன் விவரங்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று எழுத்து மூலம் கேட்கும் உரிமையை எல்லோருக்கும் கொடுத்திருக்கிறது. கேட்டும் நிறுத்தாவிட்டால் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் முறையிடலாம். ஆணையர் உத்தரவிட்டும் மீறினால் 200,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அந்தச் சட்டப்படி கொடுக்க வேண்டிய அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். நம் வாடிக்கையாளர்களுக்குத் தமிழிலும் ஒரு வரி எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

ஆனால் அந்த மனிதர் என்னிடம் சட்டம் பேசவில்லை. அவர் மனைவி எண்ணைக் கொடுத்தது குலுக்கலுக்காக. பரிசு விழுந்தால் கூப்பிடுவார்கள் என்று கொடுத்தார். குலுக்கல் முடிந்த அன்றே அந்த எண்ணோடு எங்களுக்கு இருந்த உறவு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அனுப்பிய எல்லாமே அழையாத வீட்டுக்குள் நுழைந்த மாதிரிதான். உங்கள் 900 எண்களையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். ஒரு பெண் எண் கொடுத்தது எதற்காக? பார்சல் எப்போது வரும் என்று தெரிந்துகொள்ளவா, ரவிக்கை அளவு சொல்லவா, புதுச் சரக்கு வந்தால் சொல்லுங்கள் என்று அவரே கேட்டதாலா? மூன்றாவது வகையில் இருப்பவர்கள்தான் உங்கள் விளம்பரத்தைக் கேட்டு வாங்கியவர்கள்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில், இப்போது லெபு பாசார் என்று பலகை இருக்கும் தெருவில், ஒரு ஜவுளிக்கடைக்காரர் இருந்தார். பினாங்கு லிட்டில் இந்தியாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், வாசலுக்கு வாசல் ஒலிபெருக்கி. ஒரு கடைப் பாட்டு முடிவதற்குள் பக்கத்துக் கடைப் பாட்டு அதன் மேல் ஏறும். இவர் கடையில் மட்டும் பாட்டு கிடையாது. மேசை இழுப்பறையில் 555 நோட்டுப் புத்தகங்கள் அடுக்கி வைத்திருப்பார். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அதே சின்னப் புத்தகம். இவர் எழுதியது வேறு. 'கூலிம் டீச்சர். மாம்பழ மஞ்சள் பிடிக்காது. 150-க்குள். மகள் கல்யாணம் தை மாதம்.' பக்கத்துக்கு ஒருவர். சரக்கு வந்ததும் மூட்டையைப் பிரிப்பார், ஒரு கையால் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே சேலைகளை ஒதுக்குவார். பிறகு பத்துப் பதினைந்து பேருக்கு மட்டும் ஃபோன். "டீச்சர், நீங்க கேட்ட இலைப்பச்சை வந்திருக்கு. சனிக்கிழமை வரைக்கும் எடுத்து வைக்கிறேன்." அரை நிமிடத்தில் வைத்துவிடுவார். அவர் ஃபோனை யாரும் எடுக்காமல் விட்டதை நான் பார்த்ததில்லை. அந்தக் குரல் வந்தால் தனக்கு வேண்டிய ஏதோ ஒன்று வந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

உங்கள் ஃபோனில் இருக்கும் வாட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியில் 'லேபிள்' என்று ஒரு வசதி இருக்கிறது. அதுதான் உங்கள் 555 புத்தகம். பட்டு, பருத்தி, 150-க்குள், ரவிக்கை மட்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு லேபிள் போடலாம். ஒரு வாரம் மாலை நேரங்களில் உட்கார்ந்து பழைய உரையாடல்களைப் படித்தாலே முக்கால்வாசி தெரிந்துவிடும். யார் என்ன கேட்டார், எதை வாங்காமல் விட்டார், என்ன விலையில் தயங்கினார் என்று எல்லாம் அங்கேதான் இருக்கிறது. அப்புறம் பருத்திச் சரக்கு வந்தால் பருத்திக்காரர்களுக்கு மட்டும் சொல்லுங்கள். மாதத்துக்கு இரண்டு முறைக்கு மேல் யாருக்கும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த எண்ணிக்கை என் அனுபவத்தில் சொல்வது, எங்கும் எழுதி வைத்த விதி கிடையாது.

தினமும் படம் போட்டே ஆக வேண்டும் என்றால் ஸ்டேட்டஸில் போடுங்கள். இருவரும் ஒருவர் எண்ணை ஒருவர் சேமித்திருந்தால்தான் அது தெரியும், 24 மணி நேரத்தில் தானே மறைந்துவிடும். பார்க்க நினைப்பவர் அவராக வந்து பார்ப்பார். பெரியம்மாவின் டயாலிசிஸ் மெசேஜுக்கு மேல் அது போய் உட்காராது. 2023-ல் வந்த வாட்ஸ்அப் சேனலும் இப்படித்தான், உரையாடல்களோடு கலக்காமல் தனிப் பகுதியில் இருக்கும், ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது.

எப்போது அனுப்புவது என்பதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எல்லாக் கடையும் ஒரே நேரத்தில் கூவும். அந்த நேரத்தில் சேலை வாங்கினால் ரவிக்கை தைக்க யார் இருக்கிறார்கள்? பல தையல்காரர்கள் ஒரு மாதத்துக்கு முன்பே கையை விரித்துவிடுவார்கள். ஆகவே ஆறு, ஏழு வாரம் முன்பு, 'இப்போது சேலை எடுத்தால் ரவிக்கை தைக்கக் கொடுக்க நேரம் இருக்கும்' என்று ஒரே ஒரு மெசேஜ் போடுங்கள். அதைப் படிக்கிற பெண் வாங்காவிட்டாலும், நல்ல வேளை ஞாபகப்படுத்தினாள் என்று நினைப்பார். இரவு ஒன்பதுக்கு மேல் வேண்டாம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு நடந்துகொண்டிருப்பவரின் ஃபோனில் சேலைப் படம் வேண்டவே வேண்டாம்.

இனி ஒன்று, கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் முகநூல் படங்களில் 'விலைக்கு பிஎம்', அதாவது தனியாக மெசேஜ் போட்டுக் கேளுங்கள் என்று போட்டிருக்கிறீர்கள். நம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் போடுகிறார்கள். விலையை மறைத்தால் பேச்சுக்கு வருவார்கள், பேச்சுக்கு வந்தால் வாங்குவார்கள் என்பது கணக்கு. ஆனால் 100 வெள்ளி மட்டும் கையில் இருக்கும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். ஆசையாக ஒரு சேலையைப் பார்க்கிறார், உங்களுக்கு எழுதுகிறார், காத்திருக்கிறார், 280 என்று பதில் வருகிறது. இப்போது அவர் வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்படுகிறார், அல்லது பேசாமல் போய்விடுகிறார். ஒரு எண்ணை எழுதாமல் விட்டதால் அவருக்கு இத்தனை சங்கடம். உங்களுக்கும்தான் என்ன லாபம்? நாற்பது பேருக்கு நாற்பது முறை அதே விலையைத் தட்டச்சு செய்கிறீர்கள். 2012-லேயே பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மின்வணிகத்துக்கு விதிமுறைகள் வந்துவிட்டன. இணையத்தளத்திலோ இணையச் சந்தையிலோ விற்பவர்கள் தங்கள் பெயர், தொடர்பு விவரம், பொருளின் தன்மை, அனுப்பும் செலவும் வரியும் சேர்ந்த முழு விலை எல்லாவற்றையும் காட்ட வேண்டும். வாட்ஸ்அப்பில் விற்பவருக்கும் அதே நியாயம்தான். படத்துக்குக் கீழே எழுதுங்கள்: பருத்தி, ஐந்தரை மீட்டர், ரவிக்கைத் துணி தனி, 120 வெள்ளி, தபால் 8 வெள்ளி. எழுத்தைப் படத்துக்குள் போடாமல் தட்டச்சாகவே போடுங்கள். பெரியம்மா மாதிரிப் பெரியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பார்கள், பார்வை இல்லாதவர்களுக்கு ஃபோன் வாசித்துக் காட்டும். படத்துக்குள் இருந்தால் இரண்டும் சரியாக நடக்காது.

வீடியோவும் இதே கதைதான். எப்படிப் போட்டால் நின்று பார்ப்பார்கள் என்று கேட்டீர்கள். நிற்க வைப்பது கஷ்டமே இல்லை. 'இந்தச் சேலையின் ரகசியத்தை நம்பவே மாட்டீங்க' என்று தலைப்புப் போட்டுவிட்டு, கடைசி வரை சேலையைக் காட்டாமல் இழுத்தால் நிற்பார்கள். கொஞ்சம் ஓடினாலே ஃபேஸ்புக் அதை ஒரு பார்வை என்று எண்ணிக்கொள்ளும், உங்களுக்கும் 5,000 பார்வை என்று மனம் நிறையும். அதில் எத்தனை பேர் ஏமாந்து போனார்கள் என்பதை எந்த எண்ணும் சொல்லாது. வீடியோ தொடங்கியதுமே சேலையைப் பகல் வெளிச்சத்தில் விரித்துக் காட்டுங்கள். உடல், முந்தானை, கரை, ரவிக்கைத் துணி, விலை. இருபது நொடி போதும். பாதிப் பேர் வேலையிடத்தில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பார்கள், அதனால் சொல்வதை எழுத்திலும் போடுங்கள். விளக்கு வெளிச்சத்தில் நிறத்தை மாற்றிக் காட்டாதீர்கள். மூன்று தோழிகளை டேக் செய்தால் பரிசு என்ற வேலையும் வேண்டாம், அது மாதிரிப் பதிவுகளை 2017 இறுதியிலிருந்து ஃபேஸ்புக்கே கீழே தள்ளுகிறது. 'இன்று மட்டும்' என்று எழுதினால் உண்மையிலேயே இன்று மட்டும் இருக்கட்டும்.

நீங்கள் கேட்கலாம்: "அக்கா, நிறைய அனுப்பினால் அந்த வாரம் விற்பனை கூடத்தானே செய்கிறது?" கூடும். அதை நான் மறுக்க மாட்டேன். 1978 மே மாதம் கேரி துர்க் என்ற அமெரிக்க விற்பனையாளர் இன்றைய இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்குக் கணினி விளம்பரம் ஒன்றை ஒரே நேரத்தில் அனுப்பினார். கேட்காமல் வந்த முதல் விளம்பர மின்னஞ்சல் அதுதான் என்பார்கள். உடனே கண்டனங்கள் குவிந்தன. ஆனால் விற்பனையும் நடந்தது என்று அவரே பின்னாளில் சொன்னார். அதனால்தான் அடுத்தவரும் அதைச் செய்தார், அதற்கு அடுத்தவரும் செய்தார். இணையப் பக்கத்துக்கு மேல் திடீரென்று குதிக்கும் பாப்-அப் ஜன்னலும் அப்படித்தான். தொண்ணூறுகளில் அதற்கு நிரல் எழுதிய ஈத்தன் ஸக்கர்மேன் 2014-ல் அதற்காக மன்னிப்புக் கேட்டார், அதற்குள் உலாவிகள் எல்லாம் அதைத் தடுக்கக் கற்றுக்கொண்டுவிட்டன.

நம் ஊர் குறுஞ்செய்திக்கு என்ன ஆயிற்று? கடைகள் சகட்டுமேனிக்கு அனுப்பின. அதே பாதையில் வங்கியின் பெயரைச் சொல்லி மோசடிக்காரர்களும் வந்தார்கள். எது கடை, எது திருடன் என்று ஜனங்களால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. 2023-லிருந்து இணைப்புள்ள குறுஞ்செய்திகளைத் தடுக்கும்படி மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குப் படிப்படியாக உத்தரவிட்டது. 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் மின்னஞ்சலுக்கு அதேபோல ஒரு கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தன. ஒரு நாளில் 5,000-க்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்கள் ஒரே தட்டலில் விலகும் வசதி கொடுக்க வேண்டும், ஆயிரத்தில் மூன்று பேர் 'ஸ்பாம்' என்று குறித்தாலே சிக்கல். ஒழுங்காக அனுப்பியவர்களையும் சேர்த்தே இந்தக் கதவுகள் மூடுகின்றன. வாட்ஸ்அப்பில் உங்களுக்கு இன்னும் கதவு திறந்திருக்கிறது.

நாளைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் நான்கு பட்டியலுக்கும், படம் எதுவும் இல்லாமல், இப்படி ஒரு மெசேஜ் போடுங்கள்:

"வணக்கம். பட்டர்வொர்த்திலிருந்து சேலை விற்கும் நான் எழுதுகிறேன். இதுவரை தினமும் படம் அனுப்பி வந்தேன், தொந்தரவாக இருந்திருந்தால் மன்னிக்கவும். இனி புதுச் சரக்கு வரும்போது மட்டும், மாதம் இரண்டு முறைக்குள் அனுப்புவேன். பட்டா, பருத்தியா, எந்த விலைக்குள் என்று ஒரு வரி எழுதினால் அதை மட்டும் அனுப்புகிறேன். பதில் எழுதாதவர்களுக்கு இனி அனுப்ப மாட்டேன். எப்போது வேண்டுமானாலும் நீங்களாகக் கேட்கலாம், அதே எண்தான்."

கடைசி இரண்டு வரிகளை எடுத்துவிட மனம் சொல்லும். எடுக்காதீர்கள். பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் பழக்கத்தால்தான் இந்தப் பட்டியல் 900-க்கு வந்தது. 900 பேரில் 100 பேர் பதில் போடலாம், 130 பேர் போடலாம். வயிற்றைக் கலக்கும், எனக்குத் தெரியும். நானும் ஒரு கடைக்கு இதைச் செய்துவிட்டு இரண்டு நாள் தூங்கவில்லை. ஆனால் 2021-ல் உங்களிடம் இருந்தது எத்தனை பேர்? 100 பேர்தான். அவர்கள் கேட்டு வந்தவர்கள். அதனால்தான் ஒரு படத்துக்குப் பத்துப் பேர் விலை கேட்டார்கள்.

பதில் போடுகிறவர்களுக்கு உடனே படங்களை அள்ளி அனுப்பாதீர்கள். நன்றி சொல்லி, லேபிள் போட்டு, விட்டுவிடுங்கள். சரக்கு வரும்போது போதும். இரண்டு மாதம் இப்படி நடத்திவிட்டு, எத்தனை பேருக்கு அனுப்பினீர்கள், எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்ற மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். சேர்ந்து பார்ப்போம்.

அப்புறம் என்னையும் உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பருத்தி, 120 வெள்ளிக்குள். எனக்கில்லை, பெரியம்மாவுக்கு. டயாலிசிஸ் நாளில் கட்ட எடையில்லாத சேலையாக இருக்க வேண்டும், ரவிக்கையின் கை தளர்வாக, மேலே ஏற்றிவிடும்படி இருக்க வேண்டும். அப்படி ஏதாவது வந்தால் எனக்கு மெசேஜ் போடுங்கள், நான் கொண்டுபோய் அவரிடம் காட்டுகிறேன்.